வில்லங்கச் சான்று

இரணியல் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிரிண்டர்.
பதினோரு வருடமாக
அடுத்தவர் மண்ணுக்கு நான்கெல்லை எழுதுகிறேன்.
கிழக்கே இன்னார் விளை. மேற்கே ஓடை.
வடக்கே அயனி மூடு. தெற்கே பொதுவழி.
என் வாய்க்குள் ஒரு தகராறு
நடந்துகொண்டிருந்தது தெரியாது.

முதலில் மாட்டியது ஒரு மரச்சீனித் துணுக்கு,
இடது கீழ்க்கடைசியில், பாதி மூடிய ஈறுக்கடியில்.
தீக்குச்சியால் குத்தினேன். தப்பு.
மூன்றாம் நாள் வீங்கியது.
ஐந்தாம் நாள் வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை.
சாளைக் குழம்பு கொதிக்கும் வாசத்தில்
கஞ்சித்தண்ணி குடித்தேன்.
கிராம்பு வையுங்க என்றாள் லிட்வின் ஜெபா.
பிராந்தி கொப்பளி என்றார் முத்திரைத்தாள் விற்பவர்.
இரண்டும் செய்தேன்,
இரண்டாவதைச் சற்று அதிகமாகவே.

தக்கலையில் மருந்துக்கடை மாடியில்
டாக்டர் பெர்லின் சுகிதா
வீக்கம் வடியட்டும் என்று ஐந்து நாள் மாத்திரை எழுதினார்.
பிறகு யந்திரம் ஒன்றில் நாடியை ஊன்றச் சொல்லி
காதிலிருந்து காதுவரை படமெடுத்தார்.

கறுப்பில் வெள்ளையாய் என் மொத்த ஆஸ்தி.
"ஞானப்பல். நிமிரல்ல, படுத்துக் கிடக்கு."
நான் பழக்கதோஷத்தில் வாசித்தேன்:
கிழக்கே கடைவாய்ப்பல், முன்பே குடியிருப்பது,
அதன் இடுப்பில் இது தலையால் முட்டுகிறது.
மேற்கே தாடையெலும்பு ஏறும் மேடு.
வடக்கே ஈறு, அரைக்கூரை.
"கீழ அந்த ரெண்டு கோடு?"
"நரம்பு போற வழி."
தெற்கே பொதுவழி.

"ஏன் இப்படி, டாக்டர்?"
"கடைசியா முளைக்கிற பல். தாடையில இடம் இல்ல, அவ்வளவுதான்."
யாருடைய குற்றமும் இல்லாத ஆக்கிரமிப்பை
அன்றுதான் முதலில் பார்த்தேன்.
"சும்மா கிடக்கிறத நான் தொடமாட்டேன்.
இது பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்க ஆரம்பிச்சாச்சு."

சம்மதப் படிவம் வந்தது.
"வாசிச்சாச்சு, ஒண்ணுமில்ல, போடுங்க" என்று
எத்தனை பேரின் பெருவிரலைப் பிடித்து அழுத்தியிருப்பேன்.
ஒவ்வொரு வரியாய் வாசித்தேன்.
கீழுதடு சில நாள் மரத்துப்போகலாம்;
அபூர்வமாக, நிரந்தரமாக.
பேனா நின்றது.
வேருக்கும் அந்த வழிக்கும் நடுவே
மயிரிழை இடைவெளி ஒன்றை டாக்டர் தொட்டுக் காட்டினார்.
போட்டேன். கையெழுத்து கோணியது.

ஊசி.
பாதி முகம் பத்திரமில்லாமல் கைமாறியது.
ஈறை ஒதுக்கி, எலும்பைக் கொஞ்சம் சீவி,
முழுசாய் வராது என்று
பல்லை இரண்டாய் அறுத்தார்.
வலியில்லை.
மண்டைக்குள் யாரோ பாறை உடைக்கும் சத்தம்,
தண்ணீர் பீச்சும் சத்தம்,
வெளியே கண்ணுமாமூடு பஸ்ஸின் ஹார்ன்.
மூன்று தையல்.
பஞ்சைக் கடி. துப்பாதே. ஸ்ட்ராவில் உறிஞ்சாதே.
பீடி கூடாது.
குழியில் உறையும் ரத்தம்தான் காவல்,
அது பெயர்ந்தால் வரும் வலிக்கு
வந்த வலி தேவலை என்பாய்.

நான்காம் நாள் ஜஸ்டசும் ரெக்சலினும் வந்தார்கள்,
அரை சென்டோடு.
"நீங்களே சொல்லுங்க சார்."
சப்போட்டா வைத்த கன்னத்தைக் காட்டிக் கும்பிட்டேன்.
"பல்லா? எனக்கும் எடுத்திருக்கு" என்றான் அண்ணன்.
"ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ் தேடி
திங்கள்சந்தை வரை சைக்கிள் மிதிச்சது நானாக்கும்" என்றான் தம்பி.
கொஞ்சநேரம் இருவரும் சிரித்தார்கள்.
பிறகு அரை சென்டுக்குத் திரும்பினார்கள்.

நான் தட்டச்சு செய்தேன்.
நாக்கு தானாகப் போய்
இன்னும் யார் பெயரிலும் இல்லாத அந்த இடத்தின்
ஓரம் தொட்டு வந்தது.
மேசைக்கடியில் குனிந்து, அவர்கள் காணாமல்,
கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தேன்.

வலித்தது.
நல்லா வலித்தது.